37 நாட்கள்

அன்புள்ள ஐயா,

சாவகச்சேரியில் இருந்து எழுதுகிறேன். அடுத்த வருடம் உயர்தரச் சோதனை, வரலாறு எடுத்திருக்கிறேன். முதலாம் உலகப் போருக்கான காரணங்கள் என்று ரியூசனில் தந்த குறிப்பில் நாலு தலைப்பு: ஏகாதிபத்தியம், தேசியவாதம், இராணுவவாதம், இரகசியக் கூட்டணிகள். நாலையும் பாடமாக்கிவிட்டேன். ஆனால் போன மாதச் சோதனையில் "ஏகாதிபத்தியமா தேசியவாதமா முதன்மைக் காரணம்?" என்று வந்தது. என்ன எழுதுவதென்று தெரியாமல் இரண்டும்தான் என்று எழுதி வைத்தேன். பாதிப் புள்ளிதான் கிடைத்தது. எது சரி? இன்னொன்றும் கேட்க வேண்டும், கோபிக்க வேண்டாம். எங்கட ஊரிலேயே இவ்வளவு நடந்திருக்க, சரயேவோவில் யாரோ யாரையோ சுட்டதை நான் ஏன் படிக்க வேண்டும்?

ஒரு மாணவி

அன்புள்ள பிள்ளைக்கு,

கோபம் இல்லை. உண்மையில் உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

"இரண்டும்தான்" என்பது பிழையான விடை அல்ல. எப்படி இரண்டும் என்று எழுதாமல் விட்டதற்குத்தான் புள்ளி போயிருக்கும். பொஸ்னியாவின் சரயேவோ நகரில் ஒஸ்திரிய முடிக்குரிய இளவரசர் பிரான்ஸ் பேர்டினண்டைச் சுட்டவனையே எடுங்கள். கவ்ரிலோ பிரின்சிப், வயது 19, பொஸ்னியாவில் பிறந்த சேர்பியன். பொஸ்னியா துருக்கியரின் ஒட்டோமன் பேரரசில் இருந்தது. 1878இல் பேர்லினில் வல்லரசுகள் கூடியிருந்து, அதை நிர்வகிக்கும் பொறுப்பை ஒஸ்திரியா-ஹங்கேரியிடம் கொடுத்தன. 1908இல் ஒஸ்திரியா அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. இரண்டு முறையும் அந்த ஊர்ச் சனத்தை ஒருவரும் கேட்கவில்லை. இப்போது சொல்லுங்கள், அந்தப் பெடியன் கையில் இருந்த துவக்கை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவீர்கள்? மற்றப் பக்கத்தையும் பாருங்கள். மொரோக்கோ யாருக்கு என்று 1905இலும் 1911இலும் பிரான்சும் ஜேர்மனியும் முறுகிக்கொண்டபோது, அந்த நாட்டைக் கண்ணாலும் கண்டிராத பாரிஸ்காரனும் பேர்லின்காரனும் அதைத் தன் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டான். இதை எழுதியிருந்தால் முழுப் புள்ளியும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்த நாலு தலைப்புக் குறிப்பில் எனக்கு வேறொரு குறை உண்டு. அதைப் படித்தால், தவணை முடிந்த சீட்டுக்காசு மாதிரிப் போர் தானாக வந்து விழுந்தது போல இருக்கும். அந்த நாலும் 1908இலும் இருந்தன, 1911இலும் இருந்தன. 1912, 1913இல் பால்கனில் இரண்டு போர்களே நடந்தன, அப்போதும் வல்லரசுகள் ஒன்றோடொன்று மோதவில்லை. 1914இல் மட்டும் ஏன்? குறிப்பில் விடை கிடைக்காது. நாட்காட்டியைத்தான் எடுக்க வேண்டும்.

யூன் 28இல் பிரான்ஸ் பேர்டினண்ட் சுடப்படுகிறார். (சேர்பியாவோடு போர் வேண்டாம் என்று வியன்னாவில் தடுத்துக்கொண்டு நின்றவரே அவர்தான். பிரின்சிப்புக்கு அது தெரிந்திருக்குமோ என்னவோ.) யூலை 5ஆம் திகதி ஜேர்மனியின் கெய்சர் (சக்கரவர்த்தி) வில்லியம், நீங்கள் என்ன செய்தாலும் உங்கள் பக்கம் நிற்போம் என்று ஒஸ்திரியாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, நோர்வேப் பக்கம் கப்பலில் உல்லாசப் பயணம் போய்விட்டார். 23ஆம் திகதி ஒஸ்திரியா சேர்பியாவிடம் சில கோரிக்கைகளை வைத்து 48 மணிநேரக் கெடு கொடுத்தது. சேர்பியா கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. தன் மண்ணில் ஒஸ்திரிய அதிகாரிகள் வந்து விசாரிப்பதற்கு மட்டும் மறுத்தது. திரும்பி வந்த கெய்சர் 28ஆம் திகதி காலையில்தான் அந்தப் பதிலை வாசிக்கிறார். வாசித்துவிட்டு, இனிப் போருக்கு ஒரு காரணமும் இல்லை என்று அதிலேயே எழுதி வைக்கிறார். அன்றைக்கே ஒஸ்திரியா போர்ப் பிரகடனம் செய்துவிட்டது. ரஷ்யச் சக்கரவர்த்தி முழுப் படைதிரட்டலுக்குச் சம்மதித்து, 29ஆம் திகதி இரவு அதை நிறுத்தி, அடுத்த நாள் திரும்பவும் சம்மதித்தார். இந்த நாட்களில் வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஓகஸ்ட் 1ஆம் திகதி நடந்ததை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பிரான்ஸ் ஒதுங்கி நிற்கும் போலிருக்கிறது என்று இலண்டனில் இருந்து ஒரு செய்தி வர, அப்படியென்றால் படை முழுவதையும் கிழக்கே ரஷ்யாப் பக்கம் திருப்புவோம் என்றார் கெய்சர். தளபதி மோல்ட்கே முடியாது என்றார். எந்த ரெயில் எந்த நேரத்தில் எந்தப் பாலத்தைக் கடக்கும் என்று வருடக்கணக்காகப் போட்டு வைத்த அட்டவணை, அதுவும் மேற்கே பிரான்ஸ் பக்கம் போவதற்கு. செய்தி தவறானது என்று அன்றிரவே தெரிந்துவிட்டது. மூன்று நாளில் ஜேர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைய, பிரித்தானியாவும் இறங்கியது.

இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அப்பப்பா ஞாபகம் வரும். அவர் மலாயா ரெயில்வேயில் கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்து வந்தவர். கொக்குவிலில் எங்கள் வீடு தண்டவாளத்துக்குக் கிட்ட. யாழ்தேவி கூவினால் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே பொக்கற் மணிக்கூட்டை எடுத்துப் பார்ப்பார். ஐந்து நிமிடம் பிந்தினாலும் கொழும்பில் இருக்கும் அதிகாரிமாருக்கு ஏச்சு விழும். சுவரில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் படம், அதற்குப் பக்கத்தில் முருகன்.

முதலாம் உலகப் போர்க் காலத்தில் மலாயாவில் இருந்த யாழ்ப்பாணத்தார் காசு சேர்த்துப் பிரித்தானியாவுக்கு ஒரு போர் விமானம் கொடுத்தார்கள். அதற்கு வைத்த பெயர் 'யாழ்ப்பாணம்'. அப்பப்பாவும் கொடுத்தார். கட்டாயத்திலா கொடுத்தீர்கள் என்று அப்பா ஒருமுறை கேட்டாராம். "சம்பளம் தாறவனுக்குக் குடுக்காமல் வேற ஆருக்குக் குடுக்கிறது?" என்றாராம் அவர். உங்கள் புத்தகத்தில் ஏகாதிபத்தியம் என்றால் ஆபிரிக்க வரைபடத்தில் நிறம் தீட்டியிருக்கும். எங்கள் வீட்டில் அது மாதம் பிறந்தால் வரும் பென்சன். ஊரின் பெயர் வைத்து விமானம் வாங்கிக் கொடுத்த பெருமை எந்தத் தலைப்பு? எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

எங்கட ஊரில் நடந்ததைப் பற்றிக் கேட்டீர்கள். அதையும் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அதில் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீடு இருக்கிறது. வாசிக்கத் தொடங்க முன்னமே கோபம் வந்துவிடும், இல்லாவிட்டால் அழுகை வரும். சரயேவோவில் ஒருவரும் எங்கட ஆள் இல்லை. இன்னார் இன்ன நாளில் வேறு விதமாகச் செய்திருக்கலாம் என்று அங்கே நிதானமாகப் பார்க்க முடிகிறது. எனக்கு அந்தப் பழக்கம் வர நாற்பது வயதாகிவிட்டது.

சரி, சோதனைக்கு வருவோம். கொப்பியில் யூன் 28 முதல் ஓகஸ்ட் 4 வரை திகதிகளைக் கீழே கீழே எழுதுங்கள். 38 திகதிகள் வரும், முதலாவதில் இருந்து கடைசிக்கு 37 நாட்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே யார் என்ன முடிவெடுத்தார் என்று போடுங்கள். சில நாட்களுக்கு எழுத ஒன்றும் இராது. அவற்றையும் வெறுமையாக விட்டு வையுங்கள், அழித்துவிட வேண்டாம்.

பிறகு, உங்கள் அம்மம்மா யாரையாவது "அவன் பெரிய எம்டன்" என்று சொல்வதுண்டா? 1914 செப்டெம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போன ஜேர்மன் கப்பலின் பெயர் அது. அந்தச் சொல்லை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.