சம்பளத்தில் கட்சி நிதி பிடிக்கலாமா? கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் தோட்டத் தொழிற்சங்கப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்தவர்.

கேள்வி (செம்பனை ஆலைத் தொழிலாளி): ஐயா, தேர்தல் வந்தால் கட்சி நிதிக்கென்று ஆளுக்கு 20 வெள்ளி (ரிங்கிட்) சம்பளத்தில் பிடிக்கிறார்கள். ‘எல்லாரும் கொடுத்தாச்சு’ என்கிறார் கிராணி (தோட்டக் கணக்கர்). செல்லுமா?

பதில்: செல்லாது தம்பி. சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்பதை 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு சொல்கிறது. தவறுதலாகக் கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தை முதலாளி தானே பிடித்துக்கொள்ளலாம். சங்கச் சந்தா பிடிக்க நீங்கள் எழுதிக் கேட்டிருக்க வேண்டும். உங்கள் சார்பில் வெளியாருக்குப் பணம் கட்டுவதென்றால், நீங்கள் எழுதிக் கேட்பதோடு தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநரின் எழுத்து அனுமதியும் முன்கூட்டியே வேண்டும். கட்சி நிதி இந்தக் கடைசி வகை. கிராணியின் வாய்ப்பேச்சு எதற்கும் போதாது. சம்பளச் சீட்டோடு லேபர் ஆபீசுக்குப் போங்கள். வெற்றுத் தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: ஒரு வேட்பாளர் எவ்வளவு செலவு செய்யலாம்?

பதில்: நாடாளுமன்றத் தொகுதிக்கு 2 லட்சம் வெள்ளி, சட்டமன்றத்துக்கு 1 லட்சம். 1954-ஆம் ஆண்டு தேர்தல் குற்றச் சட்டத்தில் இருக்கிறது.

கேள்வி: அமெரிக்காவில் ஒரு கம்பெனி வேட்பாளருக்குக் கோடிக்கணக்கில் கொடுத்தது என்கிறான் என் மகன். அங்கே கம்பெனி கொடுக்கலாமா?

பதில்: கூட்டரசுத் தேர்தல் வேட்பாளருக்குக் கம்பெனி நேரடியாகக் கொடுக்க 1907-லேயே தடை போட்டுவிட்டார்கள். ஒருவர் மொத்தம் 200 டாலருக்கு மேல் கொடுத்தால் அவருடைய பெயரோடு வேலையும் முதலாளி பெயரும் பதிவாகும். அந்தப் பதிவைக் கூட்டிப் பார்த்துத்தான் பல நேரம் ‘இந்தக் கம்பெனி இவ்வளவு கொடுத்தது’ என்று எழுதுகிறார்கள். உண்மையில் அது ஊழியர்களின் சொந்தப் பணம். கொடுத்த பணத்தை போனஸ் என்ற பெயரில் கம்பெனி திருப்பிக் கொடுத்தால் அங்கே அது குற்றம். இந்த ஒன்றை உங்கள் மகனிடம் அவசியம் சொல்லுங்கள்.

கேள்வி: எங்களுக்கு 10 வெள்ளி பிடிக்கிறார்கள். அதுவும் தப்பா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி (ஓய்வுபெற்ற மண்டோர், அதாவது மேற்பார்வையாளர்): ம.இ.கா. கட்சித் தலைவர் சம்பந்தன் காலத்தில் நாங்களும்தானே பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினோம்? அப்போது யாரும் சட்டம் பேசவில்லையே!

பதில்: அண்ணே, அதையும் இதையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். முதலாளிகள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றதால் தொழிலாளர்கள் வேலையிழந்த காலம் அது. 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் நீங்கள் கட்டியது பங்குப் பணம். அந்தப் பணத்தில்தான் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். நீங்கள் அதில் உறுப்பினர், கணக்குக் கேட்க உரிமை உண்டு. கட்சி நிதியில் அந்த உரிமை எங்கே?

கேள்வி (அவரே): கட்சி இல்லாமல் அந்தச் சங்கம் வந்திருக்குமா?

பதில்: வந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். கட்சிக்குக் கொடுப்பது நல்ல காரியம்தான். வீட்டில் யோசித்து, உங்கள் கையால் கொடுத்து, உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள். முதலாளி நடுவில் வரக்கூடாது என்பதுதான் என் வாதம்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் 15 வெள்ளி...

பதில்: தொகை எதுவானாலும் சட்டம் ஒன்றுதான். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: மறுத்தால் ஓ.டி. (கூடுதல் நேர வேலை) தரமாட்டார்கள் என்று பயம், ஐயா.

பதில்: பயம் நியாயமானது, அம்மா. தனியாகப் போகாதீர்கள். பணம் பிடிக்கப்பட்ட எல்லாரும் சம்பளச் சீட்டை நகல் எடுத்து, சங்கப் பிரதிநிதியோடு ஒன்றாகப் போய்ப் புகார் கொடுங்கள்.