134-வது ரேங்க்னா என்னன்னு தெரியுமா தம்பி?

கடிதம்:

அக்கா, வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து எழுதறேன். பொண்ணு ஒன்பதாவது படிக்கறா, டென்னிஸ் ஆடறா. அடுத்த வருஷம் பப்ளிக் எக்ஸாம், நிறுத்திடலாம்னு மச்சான் சொல்றார். வெயில்ல கறுத்துட்டான்னு எங்கம்மா வேற புலம்பறாங்க. டென்னிஸ் ஆடின நிருபமா வைத்தியநாதன் பத்திப் படிச்சேன். அவ்ளோ ஆடியும் 134-வது ரேங்க்தான், கடைசில அமெரிக்கா போய் மத்தவங்களுக்கு கோச்சிங் குடுக்கறாங்க. இதுக்கா இவ்ளோ செலவுன்னு தோணுது. நிறுத்திடலாமா? ஸ்போர்ட்ஸ் கோட்டாவாவது கிடைக்குமா?

பதில்:

தம்பி, கறுத்துட்டாங்கறதுக்கெல்லாம் நான் பதில் எழுதப்போறதில்ல. கோட்டா விவரம் ஸ்கூல் பி.டி. டீச்சர்கிட்ட கேளுங்க. ஆனா 134-வது ரேங்க்தான்னு போற போக்குல எழுதியிருக்கீங்க பாருங்க, அதைப் படிச்சதும் எனக்குக் கோவம் வந்துடுச்சு, ரொம்ப நாளா இதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்.

நம்ம ஜில்லாவுல 134 இல்ல, உலகத்துல 134. கோயம்புத்தூர்ப் பொண்ணு, ரஞ்சி கிரிக்கெட் ஆடின அப்பாவே கோச். 1998 ஆஸ்திரேலியன் ஓப்பன் முதல் ரவுண்டுல இத்தாலியோட குளோரியா பிட்சிகீனியை ஜெயிச்சாங்க. 1968ல ஓப்பன் எரா, அதாவது காசுக்கு ஆடறவங்களையும் பெரிய போட்டிகள்ல சேர்த்துக்கற காலம், ஆரம்பிச்சதுக்கப்புறம் கிராண்ட்ஸ்லாம்ங்கற நாலு பெரிய போட்டில சிங்கிள்ஸ் மெயின் டிராவுல, அதாவது அசல் போட்டில, ஒரு மேட்ச் ஜெயிச்ச முதல் இந்தியப் பொண்ணு அவங்கதான். சானியா மிர்சா வந்து 27-வது ரேங்க் தொட்டது 2007லதான்.

அந்த ரேங்க்ல இருக்கறது எவ்ளோ கஷ்டம்னு கொஞ்சம் யோசிங்க. கிராண்ட்ஸ்லாம் மெயின் டிராவுல 128 பேர், அதுல ரேங்க் பார்த்து நேரா எடுக்கறது நூத்துச் சொச்சம் பேரைத்தான், மிச்சம் போட்டி நடத்தறவங்க தர்ற வைல்ட்கார்டும், குவாலிஃபையிங்ங்கற தகுதிச் சுற்றுல ஜெயிச்சு வர்றவங்களும். 134ல இருக்கறவ அவ்ளோ தூரம் பிளைட் பிடிச்சுப் போய் குவாலிஃபையிங்ல மூணு மேட்ச் ஜெயிச்சாத்தான் மெயின் டிராவே. 2024 ஆஸ்திரேலியன் ஓப்பன்ல மெயின் டிராவுக்கு வந்து முதல் ரவுண்டுல தோத்தாலே 1,20,000 ஆஸ்திரேலிய டாலர். உலக டென்னிஸ் சங்கமான ஐடிஎஃப் நடத்தற கீழ்மட்டப் போட்டில மொத்தப் பரிசே 15,000 அமெரிக்க டாலர், அதையும் ஆடறவங்க எல்லாருக்கும் பிரிச்சுக் குடுக்கணும், ரூம் வாடகை, ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் மாத்தற காசு எல்லாம் சொந்தக் கைலேர்ந்து. ரேங்குக்கான பாயிண்ட் அங்க போனாத்தான் கிடைக்கும், வீட்ல உக்காந்தா ரேங்க் தானா இறங்கும். இதுல வருஷக்கணக்கா நின்ன பொண்ணைப் போய் இவ்ளோதானான்னு கேக்கறீங்க.

எங்க அக்கா டென்னிகாய்ட் ஆடுவா, வலைக்கு மேல ரப்பர் ரிங்கை வீசி ஆடற கேம். கடலூர்ல அப்போ பொண்ணுங்களுக்கு அதான் கேம், ரிங்கை ஒரு கையால பிடிச்சு அதே கையால உடனே திருப்பி விடணும், அவ இடது கைக்காரி, எதிர்ல நிக்கறவங்களுக்கு அது எந்தப்பக்கம் வருதுன்னே புரியாது. ஜோனல் ஜெயிச்சுட்டா. அடுத்த மேட்ச் வெளியூர், ராத்திரி தங்கணும். அப்பா வேண்டாம்னுட்டார், பத்தாவது பரீட்சைன்னு காரணம் சொன்னார், அதோட முடிஞ்சுது. பரீட்சைல நல்ல மார்க்தான் வாங்கினா, எவ்ளோன்னு கேட்டா இன்னிக்கு வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா அந்த ஜோனல் ஃபைனல்ல கடைசி ரெண்டு பாயிண்ட் எப்படி எடுத்தான்னு இப்பவும் சாப்பிட்ற இடத்துல எழுந்து நின்னு ஆடிக் காட்டறா, பேரன் வேற கை தட்டறான். எனக்குத்தான் பார்க்க முடியல.

கோச்சிங்கை ஏதோ மிச்சம் மீதி மாதிரி எழுதியிருக்கீங்க, அதுவும் தப்பு. உங்க பொண்ணுக்குக் கத்துக்குடுக்க ஒரு பொம்பள கோச்சை கடலூர்லயோ இங்க பாண்டிலயோ தேடிப் பாருங்க, எவ்ளோ அலையணும்னு தெரியும். அதோட நிருபமா 2010ல, 33 வயசுல, குழந்தை பெத்ததுக்கப்புறம் திரும்பி வந்து டெல்லி காமன்வெல்த்ல இந்தியாவுக்கு ஆடினாங்க. அதை நீங்க படிக்கலையா?

செலவு பெரிசுதான், இல்லேங்கல. அவ சாம்பியன் ஆவான்னும் நான் சொல்லல. பரீட்சைக்கு ரெண்டு மாசம் இருக்கும்போது வெளியூர் டோர்னமெண்டை விட்டுடுங்க, காலைல ஒரு மணி நேரம் ஆடட்டும், அதுல மார்க் ஒண்ணும் குறைஞ்சுடாது.

ஆனா உங்க கடிதத்தைத் திரும்பப் படிச்சுப் பார்த்தேன். மச்சான் சொன்னது இருக்கு, அம்மா சொன்னது இருக்கு, நீங்க நினைக்கறது இருக்கு. பொண்ணு என்ன சொல்றான்னு ஒரு வரி இல்ல. அடுத்த கடிதத்தை அவளையே எழுதச் சொல்லுங்க, அவளுக்குப் பதில் போடறேன்.