கேள்வி பதில்: செயற்கைக்கோளின் தூசிக் கணக்கு

கேள்வி: காலிப்சோ போன்ற செயற்கைக்கோள்களே லேசர் பாய்ச்சிக் காற்றிலுள்ள தூசியையும் புகையையும் அளந்தன. அப்புறம் எதற்கு ஏர்லினெட் என்ற ஐரோப்பிய லேசர் அளவீட்டு வலையமைப்பின் நிலையங்கள் தரையிலிருந்து லேசர் அடித்துச் சரிபார்த்தன?

பதில்: காலிப்சோ (2006–2023) அளந்தது, துகளில் பட்டுத் திரும்பிய ஒளியை. நமக்கு வேண்டியதோ துகள் எவ்வளவு ஒளியைத் தடுக்கிறது என்பது. தடுத்ததைத் திரும்பியதால் வகுத்தால் கிடைப்பது 'லைடார் விகிதம்' (லேசர் பாய்ச்சித் திரும்பும் ஒளியை அளக்கும் கருவிதான் லைடார்). பெரும்பாலும் காலிப்சோவால் இதை அளக்க முடியவில்லை; துகள் என்ன வகை என்று ஊகித்து, அட்டவணையில் உள்ள எண்ணை எடுத்துப் போட்டது. பாலைவனத் தூசிக்கு முதலில் 40 என்று வைத்திருந்தார்கள். சஹாரா தூசிக்குத் தரையில் கிடைத்த எண்ணோ 55-ஐ ஒட்டி இருந்தது. பிற்பாடு அட்டவணையில் 44 ஆக்கினார்கள்.

தரையிலுள்ள ராமன் லைடாருக்கு ஊகம் தேவையில்லை. 532 நானோமீட்டர் அலைநீளத்தில் அனுப்பிய ஒளியில் ஒரு துளியை நைட்ரஜன் 607-க்கு மாற்றித் திருப்பும். காற்றில் நைட்ரஜன் எவ்வளவு என்பது தெரிந்த கணக்கு. அந்த ஒளி எதிர்பார்த்ததைவிட எவ்வளவு குறைகிறதோ, அதுவே துகள்களின் வேலை. சமிக்ஞை மிக மங்கல் என்பதால் பெரும்பாலும் இரவில்தான் அளப்பார்கள். அதனால் காலிப்சோவின் நள்ளிரவு தாண்டிய 1:30 மணிச் சுற்றுக்கு மதிப்பு அதிகமாக இருந்தது.

கேள்வி: இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?

பதில்: காலிப்சோவின் லேசர் தரையில் விழுந்த வட்டம் சுமார் 70 மீட்டர்தான். அதே தடத்துக்குத் திரும்ப 16 நாள். நிலையத்தின் தலைக்கு மேலேயே வரும் என்று காத்திருந்தால் காரியம் ஆகாது. 100 கிலோமீட்டருக்குள் கடந்தால் எடுத்துக்கொள்வார்கள். அந்த நூறு கிலோமீட்டரைச் செயற்கைக்கோள் கால் நிமிடத்துக்குள் கடந்துவிடும். தரைக்கருவி அரைமணி, ஒரு மணி நேரம் சராசரி எடுக்கும். 3 கிலோமீட்டர் உயரத்தில் பரவிய தூசிப்படலம் இதைத் தாங்கும். கீழ் ஒரு கிலோமீட்டர் தாங்காது: இங்கே நகரம், அங்கே மலை. அந்த உயரத்தில் எண்கள் விலகினால் கருவியைக் குறை சொல்லக்கூடாது.

இன்னொன்று: ஒன்று மேலிருந்து பார்க்கிறது, மற்றது கீழிருந்து. மூலச் சமிக்ஞைகளை அப்படியே பக்கத்தில் வைக்க முடியாது. தரை அளவைக் கொண்டு, 'மேலிருந்து பார்த்தால் என்ன தெரிய வேண்டும்' என்று கணக்கிட்டு, அதைத்தான் ஒப்பிட வேண்டும்.

கேள்வி: தரைக்கருவியே தவறினால்?

பதில்: தவறும். முதல் சில நூறு மீட்டரில் லேசர்க்கற்றை தொலைநோக்கியின் பார்வைக்குள் முழுதாக வந்திருக்காது. இருக்கும் தூசி இல்லாததுபோல் தெரியும். சோதனை எளிது. தொலைநோக்கியின் வாயை மூடி, கால் பாகம் மட்டும் திறந்து வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு என்று தனித்தனியே பதிய வேண்டும். கடைசியில் மறுபடி வடக்கு, இடையில் காற்று மாறிவிடவில்லை என்று உறுதிசெய்ய. நான்கு வரைகோடுகளும் எந்த உயரத்துக்கு மேல் ஒன்றாகின்றனவோ, அதற்குக் கீழே உள்ள தரவை நம்பக்கூடாது.

கேள்வி: எர்த்கேர் வந்தபின்னும் இது வேண்டுமா?

பதில்: 2024 மே மாதம் ஏவப்பட்ட எர்த்கேர் செயற்கைக்கோள், மூலக்கூறுகள் திருப்பும் ஒளியையும் துகள்கள் திருப்பும் ஒளியையும் பிரித்து, லைடார் விகிதத்தைத் தானே அளக்கிறது. அந்தப் பிரிப்பு சரியா என்று பார்க்கத் தரைக்கருவி வேண்டும். ஆனால் எர்த்கேரின் லேசர் 355 நானோமீட்டர். 532 மட்டும் உள்ள நிலையத்தின் எண்ணை 355-க்கு மாற்றப் போனால், துகளின் வகையை மறுபடி ஊகிக்க வேண்டிவரும்.