இந்தக் குழாய் இன்றும் தேவையா? தீவிர சிகிச்சைப் பிரிவு பற்றிய கேள்வி பதில்

கொழும்பில் ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவில் மூத்த தாதிய உத்தியோகத்தராகப் பணியாற்றுகிறேன். நோயாளிகளின் குடும்பத்தாரும் தாதிய மாணவரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். உங்கள் நோயாளியைப் பொறுத்தவரை அவரைப் பார்க்கும் வைத்தியரின் முடிவே முடிவு. அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு மகள்: அப்பாவை நியுமோனியாவுக்குச் சேர்த்தோம். நெஞ்சு தேறுகிறது என்றார்கள். இப்போது இரத்தத்தில் கிருமி என்கிறார்கள். உள்ளே போன பிறகு எப்படி மிஸ் புதிதாகக் கிருமி வரும்?

வரும் அம்மா. கழுத்திலோ தொடையிலோ உள்ள பெரிய நாளத்தில் குழாய் போட்டால் தோல் என்ற காவல் அந்த இடத்தில் திறந்துவிடுகிறது. மருந்து போகும் அதே வழியில் கிருமியும் போகலாம். சிறுநீர்க் குழாய்க்கும் சுவாசக் குழாய்க்கும் இதே கதைதான். உயிரைக் காப்பாற்றப் போட்ட குழாய், தேவை முடிந்த பிறகும் கிடந்தால் ஆபத்தாக மாறுகிறது.

இதைப் பெருமளவு தடுக்கலாம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற வைத்தியரின் குழு நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஐந்து விடயங்களைக் கட்டாயமாக்கியது. கை கழுவுதல், குழாய் போடும்போது நோயாளியை முழுமையாகக் கிருமிநீக்கிய துணியால் மூடுதல், தோலைக் குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினியால் சுத்தம் செய்தல், முடிந்தவரை தொடையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை உடனே அகற்றுதல். இதில் விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் இல்லை. ஆனாலும் 2006இல் வெளியான முடிவின்படி, குழாய்வழி இரத்தத் தொற்று மூன்றில் இரண்டு பங்கு வரை குறைந்தது. படி தவறினால் வைத்தியரையே நிறுத்தும் உரிமையைத் தாதியருக்குக் கொடுத்ததுதான் அதில் எனக்கு மிகப் பெரிய விடயம்.

அப்பாவுக்குத் தொற்று எங்கிருந்து வந்தது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. நாளை வைத்தியர் வார்ட் சுற்றி வந்த பிறகு, “இந்தக் குழாய் இன்றும் தேவையா?” என்று பணிவாகக் கேளுங்கள். குடும்பத்தார் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

மட்டக்குளியிலிருந்து ஒரு மனைவி: காலையில் மயக்க மருந்தை நிறுத்தி அவரை எழுப்புகிறார்கள். கண் விழித்துத் திணறுகிறார். நிம்மதியாகத் தூங்க விடக் கூடாதா?

பார்க்க வயிறு எரியும், தெரியும். ஆனால் அது அவருடைய நன்மைக்குத்தான். மயக்க மருந்து உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். நிறுத்திப் பார்த்தால்தான் மூளை எப்படி இருக்கிறது, தானாக மூச்சு விடுவாரா என்று தெரியும். 2000இல் வெளியான சிக்காகோ ஆய்வில், தினமும் இப்படி நிறுத்திப் பார்த்தவர்கள் செயற்கைச் சுவாசத்தில் இருந்த காலம் நடுமதிப்புக் கணக்கில் 4.9 நாள், மற்றவர்களுக்கு 7.3 நாள். அந்த இயந்திரத்தில் ஒரு நாள் குறைந்தால் நுரையீரல் தொற்றுக்கான வாய்ப்பும் ஒரு நாள் குறைகிறது. வலிப்பு உள்ளவர்களுக்கும் தலைக்குள் அழுத்தம் கூடியவர்களுக்கும் இப்படிச் செய்வதில்லை. வலி மருந்து போகிறதா என்று மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெயர் சொல்லாத ஒருவர்: கையுறை போட்டால் கை கழுவ வேண்டியதில்லைதானே?

வேண்டும். போடுவதற்கு முன்னும் கழற்றிய பின்னும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு மகன்: அம்மாவுக்கு 71 வயது, சிங்களம் தெரியாது. பகலில் அமைதியாக இருக்கிறார், இரவில் குழாய்களை இழுக்கிறார். கைகளைக் கட்டியிருந்தார்கள். அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டதா?

இல்லை தம்பி. தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் மூளைக் குழப்பம் இது. டெலிரியம் என்போம். தொற்று, மருந்து, தூக்கமின்மை, வலி, இரவு பகல் தெரியாத வெளிச்சம் எல்லாம் சேர்ந்து கொண்டுவருவது. கூடிக் குறையும், பெரும்பாலானோருக்கு மெல்லத் தெளியும். ஆனால் அலட்சியம் செய்யக் கூடாது. நீண்டுபோனால் நினைவாற்றலைப் பின்னாளிலும் பாதிக்கும். கட்டி வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். கட்டினால் குழப்பம் இன்னும் கூடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு கஷ்டம் இருக்கிறது. கொழும்பு வார்ட்டுகளில் இரவு முறையில் தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல் போகலாம். தொண்டையில் குழாயோடு ஒரு தாய் கண் விழிக்கிறார். சுற்றிலும் முகமூடி அணிந்த முகங்கள், புரியாத பேச்சு. யாராக இருந்தாலும் பயந்துதான் போவார்கள். அம்மா குழாயைப் பிடித்து இழுத்தது, “தண்ணீர் தாருங்கள்” என்பதைச் சொல்ல வேறு வழி இல்லாததாலும் இருக்கலாம்.

ஒரு அட்டை செய்யுங்கள். பெரிய எழுத்தில் தமிழில் வலிக்கிறது, தாகம், மூச்சு முட்டுகிறது, குளிர்கிறது, சிறுநீர், மகன் எங்கே என்று எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் அதையே சிங்களத்தில் எழுதுங்கள். பக்கத்தில் ஒரு சிறு படமும் வரையுங்கள். அம்மா தமிழைத் தொடுவார், தாதி சிங்களத்தை வாசிப்பார். பின்பக்கத்தில், தாதி அம்மாவிடம் சொல்ல வேண்டிய நான்கு தமிழ் வசனங்களைச் சிங்கள எழுத்தில் எழுதுங்கள். “அம்மா, நீங்கள் வைத்தியசாலையில் இருக்கிறீர்கள், மகன் நாளை வருவார்” என்பது அதில் முதலாவதாக இருக்கட்டும். கழுவித் துடைக்கும்படி பிளாஸ்டிக் உறையிட்டுக் கொடுங்கள்.

கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் வீட்டில் கிடக்கிறதா? கொண்டுவந்து கொடுங்கள். பார்வை நேரத்தில் கையைப் பிடித்து இன்று என்ன நாள், என்ன நேரம், வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று சாதாரணமாகப் பேசுங்கள். அழுதுகொண்டு நிற்காதீர்கள்.

ஒரு தாதிய மாணவி: அக்கா, செயற்கைச் சுவாசத்தில் உள்ளவருக்கு நுரையீரல் தொற்று வராமல் தடுக்க முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

தங்கச்சி, முதலில் கட்டிலின் தலைப்பக்கத்தைப் பார். 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். கண்மதிப்பை நம்பாதே, கட்டிலின் ஓரத்திலுள்ள அளவுகோலைப் பார். கோணம் சரியாக இருந்தும் நோயாளி கீழே சறுக்கி, இடுப்பில் மடியாமல் நெஞ்சில் மடிந்து கிடப்பார். அப்படியானால் அளவுகோல் காட்டுவது பொய். இருவர் சேர்ந்து தூக்கி மேலே ஏற்று, தோலைத் தேய்த்து இழுக்காதே. அப்போதே குதிகால்களையும் பின்னிடுப்பையும் பார்த்துவிடு. படுக்கைப் புண் தொடங்குவது அங்கேதான். சிவப்பை விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் உடனே குறித்து வை.

பிறகு வாய். பல் துலக்கும் தூரிகையால் பல்லைத் துலக்கிவிடு. முன்பு குளோரெக்சிடின் வாய்கழுவியைப் பெரிதாகச் சொன்னோம். 2022இல் வந்த அமெரிக்க வழிகாட்டல் அதைக் கைவிட்டுப் பல் துலக்குவதையே வலியுறுத்துகிறது. சுவாசக் குழாயைச் சுற்றி எச்சில் கீழே இறங்காமல் தடுக்கும் பலூனின் அழுத்தம் 20க்கும் 30க்கும் இடையில், சென்றிமீற்றர் நீர் அளவில், இருக்கிறதா என்றும் பார்.

தெகிவளையிலிருந்து ஒரு சகோதரர்: கோயில் தீர்த்தமும் திருநீறும் கொண்டுபோகலாமா? செவ்விளநீர் கொடுக்கலாமா?

திருநீறோ, கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் எண்ணெயோ, தாதியிடம் கேட்டு நெற்றியில் ஒரு துளி இடலாம். குழாய்களுக்கும் கட்டுகளுக்கும் பக்கத்தில் வேண்டாம். மணிக்கட்டில் நூல் கட்டாதீர்கள். கை வீங்கினால் அது இறுகும். கட்டில் தலைமாட்டில் கட்டினால் போதும்.

தீர்த்தத்தை வாயில் விடவே கூடாது. சரியாக விழுங்க முடியாதவருக்கு ஒரு மிடறு நீரும் நுரையீரலுக்குள் போகும். செவ்விளநீரும் கேட்காமல் வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதடைந்தவருக்குப் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே குழம்பும்.

வத்தளையிலிருந்து ஒரு தந்தை: டெங்குவில் மகனின் இரத்தத் தட்டுக்கள் 20,000க்கு இறங்கிவிட்டன. ஏன் ஏற்றவில்லை?

இரத்தக்கசிவு இல்லாதவரை தட்டுக்களை ஏற்றுவதால் பெரும்பாலும் பலன் இல்லை. காய்ச்சல் இறங்கும் வேளையில் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசியும் அந்த 24 முதல் 48 மணித்தியாலம்தான் ஆபத்தான கட்டம். அப்போது சேலைன் குறைந்தாலும் ஆபத்து, கூடினால் நெஞ்சில் நீர் சேரும். அதனால்தான் மணிக்கு மணி சிறுநீரை அளக்கிறார்கள். அவர்களை அளக்க விடுங்கள்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஒரு மருமகள்: மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். ஆனால் படி ஏற முடியவில்லை, இரவில் திடுக்கிட்டு எழுகிறார். எல்லாம் சரியாகிவிட்டது என்றார்களே?

நோய் போய்விட்டது, படுக்கையில் கிடந்ததால் வந்த பாதிப்பு இன்னும் போகவில்லை. அசையாமல் கிடந்தால் தசை மிக விரைவில் கரைகிறது. அதனால்தான் குழாய்களோடு இருக்கும்போதே கட்டிலோரத்தில் உட்கார வைக்கிறோம். கெட்ட கனவும் மறதியும் பலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் காட்டிய பயிற்சியை ஒரு நாளும் விடாதீர்கள். சாப்பாட்டில் முட்டை, மீன், பருப்பைக் கூட்டுங்கள், சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் வைத்தியரைக் கேட்டுவிட்டு. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது கால் பலவீனத்தை மட்டும் சொல்லிவிட்டு வராமல், தூக்கத்தைப் பற்றியும் பயத்தைப் பற்றியும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மாமா சொல்லக் கூச்சப்பட்டால் நீங்கள் சொல்லுங்கள்.