பாதியில் நிற்கும் கதைகளுக்கு முடிவு எங்கிருந்து வரும்?

கேள்வியின் சுருக்கம்: சேலத்துக்காரர், கொலுசுத் தொழில் தெரிந்தவர். கைவசம் ஏழு சிறுகதைகள், எல்லாமே 1,000 முதல் 1,500 சொல்லுக்குள் நின்றுவிட்டன. மாதிரிக்கு இரண்டைச் சொல்லியிருக்கிறீர்கள். ஒன்று செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக் கதை. இன்னொன்று ஏற்காட்டில் அப்பாவின் காப்பித் தோட்டத்தை விற்க வரும் மகளின் கதை. "முடிவு மட்டும் தோன்றவே மாட்டேன் என்கிறது, என்ன செய்ய?"

முதலில், நின்ற இடத்தில் உட்கார்ந்து அடுத்த வரியை யோசிப்பதை நிறுத்துங்கள். கதை நின்றது 1,300ஆவது சொல்லில் என்றால், சிக்கியது பெரும்பாலும் அதற்கு 300, 400 சொல் முன்னால். அந்த இடத்தில் உங்கள் ஆள் ஏதோ ஒன்றை முடிவு செய்திருக்க வேண்டும். நீங்கள் இரக்கப்பட்டு அவரைத் தப்பிக்க விட்டிருப்பீர்கள். ஒரு போன் வந்திருக்கும், கரண்ட் போயிருக்கும், தூங்கிப் போயிருப்பார். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் வெறும் நடை.

ஆகவே தலைப்பிலிருந்து ஒரே மூச்சில் படியுங்கள், திருத்தாமல். பக்கத்தில் ஒரு தாள். கதைக்குள் நீங்கள் கொண்டுவந்து வைத்ததையெல்லாம் அதில் குறியுங்கள்: ஆட்கள், பொருட்கள், மறைத்த விஷயம், யாரோ கொடுத்த வாக்கு. 1,300 சொல் கதையில் எட்டுப் பத்து உருப்படி தேறும். பட்டறைக் கணக்கு உங்களுக்குத் தெரியும். எடைபோட்டு வாங்கிய வெள்ளியை எடைபோட்டுத்தான் திருப்ப வேண்டும், சேதாரம் இவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். கதையிலும் எல்லாவற்றுக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. இரண்டு மூன்றுக்குக் காட்டினால் போதும், மீதி சேதாரம். எந்த இரண்டு மூன்று என்றால், முதல் 200 சொல்லுக்குள் வந்தவற்றில் பாருங்கள்.

உங்கள் கொலுசுக் கதையை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். பற்றவைப்பு வேலை செய்பவன் முதலாளியிடம் ஒரு கிலோ வெள்ளி வாங்கி வருகிறான். வெள்ளிக்கிழமை இரவு எடை போட்டால், சேதாரம் போக 40 கிராம் குறைகிறது. மறுநாள் கணக்கு. மனைவி, மைத்துனன், பக்கத்து வீட்டுப் பையன் என்று மூன்று பேர் மேல் சந்தேகம். "யார் எடுத்தது என்று எனக்கே தெரியவில்லை" என்கிறீர்கள். தெரிய வேண்டாம். உங்கள் முதல் பக்கத்தில் திருட்டே இல்லை. அவனுடைய அப்பா எடையில் ஒரு பொட்டுக் குறையாமல் கொடுத்தவர் என்றுதான் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் மகள் காலில் 45 கிராம் கொலுசு வேறு போட்டுவிட்டீர்கள். அப்படியானால் கதையின் கேள்வி "யார் எடுத்தது" இல்லை. "குறைகிறது என்று வாய்விட்டுச் சொல்வானா, பிள்ளையின் கொலுசை உருக்கிப் போடுவானா?"

கதையின் கேள்வியை எப்போதும் இந்த "செய்வாரா, மாட்டாரா" வடிவில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். "ஏன்" என்றோ "யார்" என்றோ ஆரம்பித்தால், அது துப்பறியும் கதையாக இல்லாத பட்சத்தில், விளக்கமாகப் போய் முடியும். அந்த வடிவில் எழுதவே முடியவில்லையா? அப்போது கையில் இருப்பது கதை இல்லை, ஒரு நிலைமை. ஆளுக்கு இழக்க ஏதாவது கொடுத்த பிறகுதான் மேலே எழுத முடியும்.

இனி, தொழில் தெரிந்தவர் எழுதுவதன் லாபம். பழைய கொலுசை உருக்கினால் போட்ட எடைக்கு அதே தரம் வராது. பற்றவைத்த இடங்களிலெல்லாம் செம்பும் துத்தநாகமும் கலந்திருக்கும். 45 கிராம் கொலுசை மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) போட்டு எடுத்துக் கலந்தால் தராசு சரி என்று சொல்லும், டச் (வெள்ளியின் தரம்) பார்த்தால் சரி என்று சொல்லாது. உங்கள் ஆளுக்கு இது தெரியும், முதலாளிக்கும் தெரியும். எடை சரியாக நிற்கிறது, முதலாளி டச் பார்க்க ஒரு துண்டைக் கையில் எடுக்கிறார். அங்கே விட்டுவிடலாம். அவன் தேர்ந்தெடுத்தாயிற்று, விலையும் கொடுத்தாயிற்று. மைத்துனன் எடுத்தானா என்பது சேதாரத்தில் போகட்டும். (பையனைக் கதையிலிருந்தே எடுத்துவிடுங்கள். அவனுக்கு இங்கே வேலை இல்லை.)

ஏற்காட்டுக் கதைக்கு நோய் வேறு. அது முடியாமல் நிற்கவில்லை, இன்னும் தொடங்கவே இல்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வரிசையாக ஏறி இரண்டு பக்கம் தீர்ந்துவிட்டது. மலைப்பாதையை அனுபவித்து எழுதியிருக்கிறீர்கள், வாசகருக்கோ தலை சுற்றுகிறது. வளைவுகளை வெட்டிவிட்டு, அவள் காப்பி காயவைக்கும் களத்தில் கால் வைப்பதில் ஆரம்பியுங்கள்.

அடுத்து அந்தக் கடைசி வரி. "காப்பிப் பூ வாசம் அவளைச் சூழ்ந்தது" என்று முயன்று பார்த்ததாகச் சொல்கிறீர்கள். கதை நடப்பது தை மாதம். காப்பி பூப்பது மார்ச், ஏப்ரல் வாக்கில். கோடை மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் பூத்து, இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். தையில் செடியில் இருப்பது பழம், களத்தில் இருப்பது காய்ந்துகொண்டிருக்கும் பழம். முடிவு தோன்றாதபோது அழகான காட்சியைக் கொண்டுவந்து ஒட்டினால் இப்படித்தான் நாட்காட்டி இடிக்கும். ஏற்காட்டுக் கதை என்றாலே கடைசியில் பனிமூட்டமோ, லேடீஸ் சீட் என்ற மலைமுனையிலிருந்து தெரியும் சேலத்து விளக்குகளோ வந்து உட்கார்ந்துகொள்கின்றன. விளக்குகள் மேல் தப்பில்லை, அவை எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை.

பறித்த பழத்தை அப்படியே வெயிலில் போட்டால் காய 12 முதல் 15 நாள் ஆகும். நாளுக்குப் பலமுறை கிளற வேண்டும், பனி இறங்குமுன் குவித்துத் தார்ப்பாய் போட வேண்டும். காய்ந்ததைக் கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும். உங்கள் பெண் கணவனிடம் "சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிடுவேன்" என்று சொல்லிவிட்டு வந்தவள். தோட்டம் வாங்க வந்தவர் பத்திரத்தோடு நிற்கிறார், மேகம் இறங்குகிறது. அவள் ஒரு கைப்பிடி அள்ளிக் குலுக்கிப் பார்க்கிறாள், சத்தம் வரவில்லை. தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடிக்கிறாள். மறுமுனையை வாங்க வந்தவர் பிடிக்கிறாரா, இல்லையா? விற்றாளா என்று எழுத வேண்டியதில்லை. அந்தப் பஸ்ஸை விட்டது தெரிந்தால் போதும்.

நான் சொன்ன இரண்டும் ஒவ்வொரு வழிதான். உங்களுடையதை நீங்களே எடுக்க, ஒரு கதைக்கு ஐந்து முடிவு எழுதுங்கள். தலா 150 சொல், 20 நிமிடம், தனித்தனித் தாள். மனசுக்குள் யோசித்தால் ஐந்தும் நன்றாகத்தான் தெரியும், தாளில் எழுதினால் மூன்று செத்துவிடும். முதல் இரண்டும் யாருக்கும் தோன்றுகிறவை, வரட்டும். மூன்றாவதில் முதல் பக்கத்துப் பொருள் ஒன்று திரும்பி வர வேண்டும். நான்காவதில் ஆள் நேர்மாறாக முடிவு செய்யட்டும். ஐந்தாவது, புதிதாக எதுவும் எழுதாமல் ஒரு காட்சி முன்னாலேயே நிறுத்திப் பார்ப்பது. ஜெயிப்பது பல தடவை இந்த ஐந்தாவதுதான்.

சாவு, விபத்து, கனவு, பத்து வருடம் கழித்து வரும் கடிதம், இந்த நாலில் எது வந்தாலும் சந்தேகப்படுங்கள். அவை ஆளைத் தேர்ந்தெடுக்க விடாமல் கதையை மூடிவிடும். முதல் பக்கத்திலேயே சாவு தெரிந்திருந்தால் மட்டும் விதிவிலக்கு.

தமிழில் ஒரு கூடுதல் சோதனை உண்டு. நம் வாக்கியம் வினையில் முடியும், எனவே கதையின் கடைசிச் சொல்லும் பெரும்பாலும் ஒரு வினைதான். அதை மட்டும் பாருங்கள். "உணர்ந்தான்", "புரிந்தது", "கண் கலங்கியது" என்றிருந்தால் கதையை நீங்களே விளக்கிக்கொண்டிருக்கிறீர்கள். "எடுத்தான்", "போட்டாள்", "பூட்டினார்" மாதிரிக் கையால் செய்யும் வினைக்கு மாற்றிப் பாருங்கள். "வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்" கூடாது. அதன் பின்னால் வைக்கும் ஆறு புள்ளிகள் அதைவிடக் கூடாது.

"எல்லார் கதியும் சொல்லாமல் முடித்தால் வாசகர் கோபித்துக்கொள்வாரே" என்ற பயம் நியாயமானது. 1954இல் பொன்னியின் செல்வன் தொடர் முடிந்தபோது, அப்புறம் யார் யார் என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் கேட்டு, கல்கி முடிவுரையில் பதில் சொல்ல நேர்ந்தது. மூன்றரை ஆண்டு கூடவே வந்தவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஏழு நிமிடத்தில் படித்து முடிக்கும் கதைக்கு அந்தக் கடன் கிடையாது.

ஏழையும் ஒன்றாகத் தூக்காதீர்கள். கொலுசுக் கதையை முதலில் எடுங்கள், அதில் எல்லாம் தயாராக இருக்கிறது. எழுதி மூன்று வாரம் மூடி வையுங்கள். மற்றவற்றில் இரண்டு கதையாகாமலே போகலாம், அவற்றின் நல்ல வரிகளை வேறு கதைக்கு எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து யாருக்காவது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கடைசிப் பத்திக்கு முன்னால் சொல்லாமல் நிறுத்துங்கள். "அப்புறம்?" என்றால் அந்தப் பத்தி தேவை. நீங்கள் நிறுத்தியதே தெரியாமல் கதையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால், அதைக் கிழித்துப் போட்டுவிடலாம்.