ஸ்டெம் செல் சிகிச்சை எந்தெந்த நோய்க்கு உண்மையில் பலன் தரும்?

முழங்கால் தேய்மானம், இனிப்புநீர், ஆட்டிசம் எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் ஊசி என்று கோலாலம்பூரில் வரும் விளம்பரங்களை நம்பலாமா எனக் கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்டெம் செல் என்பது பலவகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல். உறுதியான சான்று முதன்மையாக இருப்பது ரத்த நோய்களுக்குத்தான்: லுக்கீமியா (ரத்தப் புற்றுநோய்), தலசீமியா (பரம்பரை ரத்தசோகை), அப்லாஸ்டிக் அனீமியா (மஜ்ஜை போதிய ரத்த அணுக்களை உருவாக்காத நோய்). மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1987 முதலே எலும்பு மஜ்ஜை மாற்று, அதாவது ரத்தம் உருவாக்கும் ஸ்டெம் செல்களை மாற்றும் சிகிச்சை, நடக்கிறது. கொடையாளிக்கு நான்கைந்து நாள் ஜி-சி-எஸ்-எஃப் (மஜ்ஜையைத் தூண்டும் மருந்து) ஊசி போட்டால் மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்கு வந்துவிடும்; இயந்திரம் அவற்றைப் பிரித்தெடுக்கும். நோயாளியின் எடையில் கிலோவுக்குக் குறைந்தது 2 மில்லியன் சிடி34 செல்கள் (சிடி34 என்ற அடையாளப் புரதம் கொண்ட ஸ்டெம் செல்கள்) வேண்டும். போதாவிட்டால் புது மஜ்ஜை பிடிக்காமல் போகலாம். பிடித்தால் இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளணுக்கள் ஏறும். அதுவரை லேசான காய்ச்சலும் ஆபத்துதான். உடன்பிறந்த ஒருவரின் திசு வகை முழுமையாகப் பொருந்த 25 விழுக்காடு வாய்ப்பு. பொருத்தம் குறையக் குறைய, கொடையாளியின் செல்கள் நோயாளியின் தோல், குடல், கல்லீரலைத் தாக்கும் அபாயம் கூடும்.

ஸ்டெம் செல்களுக்காகத் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிப்பவர்கள் இதைக் கவனியுங்கள்: தலசீமியா குழந்தைக்கு அதன் சொந்தத் தொப்புள்கொடி ரத்தம் உதவாது, அதே மரபணுக் கோளாறு அதிலும் இருக்கும். பொருந்தும் தம்பி தங்கையின் தொப்புள்கொடி ரத்தம் உதவும்.

தீக்காயத் தோலுக்கும், ரசாயனம் பட்ட கருவிழிக்கும் பலன் உண்டு. முழங்கால், இனிப்புநீர் இன்னும் ஆய்வு நிலையில். ஆட்டிசத்துக்குத் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். ஊசி போடுமுன், இது பதிவு பெற்ற ஆய்வா, நெறிமுறைக் குழு ஒப்புதல் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள்.