சமூகப் பிரச்சினைகளில் அரசின் கொள்கையை மக்கள் அமைப்புகளால் உண்மையிலேயே மாற்ற முடியுமா?

முடியும். நானே கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். ஊர்வலமும் மனுவும் வேண்டியவைதான். ஆனால் அதற்கும் முன்னால், ஒரு பிரச்சினை இருக்கிறது என்பதை அரசாங்கக் காகிதத்தில் ஏற்றியாக வேண்டும். அதிலேயே பாதி ஆயுசு போய்விடும். எனக்குத் தெரிந்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன்: மனிதக் கையால் மலம் அள்ளும் தொழில்.

இதைத் தடை செய்து நாடாளுமன்றம் 1993-லேயே சட்டம் போட்டுவிட்டது. எடுப்புக் கக்கூஸ், அதாவது மலத்தை ஆள் வந்து அள்ளிப்போக வேண்டிய கழிப்பறை, கட்டக்கூடாது, அதை அள்ள ஆள் வைக்கக்கூடாது. ஆனால் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் வரும் விஷயம் என்று வைத்துச் சட்டத்தை எழுதியதால், ஒவ்வொரு மாநிலமும் தனியாக ஏற்றுக்கொண்டால்தான் அங்கே செல்லும். அமலுக்கு வரவே 1997 ஆகிவிட்டது. அதற்கு அப்புறமும் பல மாநிலங்கள் “எங்களிடம் அந்தத் தொழிலே கிடையாது” என்று சொல்லிக்கொண்டிருந்தன. இல்லாத தொழிலை ஒழிக்க யார் பணம் ஒதுக்குவார்கள்?

சுமார் பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு சின்ன அமைப்போடு சேர்ந்து கணக்கெடுக்கப் போனேன். முதல் நாள் அந்த ஊர் நகராட்சியில் கேட்டோம். இல்லை என்று எழுதியே கொடுத்தார்கள். மறுநாள் விடியற்காலை நாலரைக்கு ஒரு தெருவில் போய் நின்றோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்தார். ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் மடக்கிய தகரம். சாக்கடை ஓரத்தில் கிடந்ததன் மேல் சாம்பலைத் தூவினார், தகரத்தால் வழித்து வாளியில் போட்டார், நகர்ந்தார். கையுறை கிடையாது. வலது கையில் ஒரு செம்புக் காப்பு மட்டும் இருந்தது.

“என் மூஞ்சிய எடுக்காத கண்ணு, மக வீட்டுல தெரு கூட்டுறேன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன்” என்றார். முன்பு அரசுக் கணக்கெடுப்பு நடந்ததா என்று கேட்டேன். நடந்திருக்கிறது. எல்லோரையும் ஆபீஸுக்கு வரச் சொல்லி, வரிசையில் நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார்கள். “மேஸ்திரி பக்கத்துலயே நிக்கிறாரு, நான் என்னத்தச் சொல்ல?” ஏட்டில் அவர் வேலை ‘தெருக் கூட்டுதல்’ என்று இருக்கிறது.

கொள்கை என்று நாம் பெரிய வார்த்தையில் சொல்வது இந்த மாதிரி இடத்தில்தான் உருவாகிறது, அல்லது செத்துப்போகிறது. கேள்வியை யார் கேட்கிறார்கள், எந்த இடத்தில், யாரை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள் என்பதில். நாங்கள் அந்த அம்மாவின் கையையும் வாளியையும் மட்டும் படம் எடுத்து, பின்னால் வார்டு எண், தெரு, நேரம் எழுதி வைத்தோம்.

இதையே நாடு முழுக்கப் பெரிய அளவில் செய்தது பெசவாடா வில்சன் முதலானோர் தொடங்கிய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் (துப்புரவுத் தொழிலாளர் இயக்கம்). 2003-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். மாநிலங்கள் ‘இல்லை’ என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யச் செய்ய, இவர்கள் படமும் முகவரியுமாக எடுத்துவந்து வைத்தார்கள். வழக்கு பதினோரு வருடம் நடந்தது. நடுவில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. மனிதர்கள் மலத்தை அள்ளும் கழிப்பறைகள் 7,94,390 என்று அரசின் சொந்தக் கணக்கே சொன்னது. அதற்குப் பிறகு ‘இல்லை’ என்பது எடுபடவில்லை. இதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்: அத்தனை வீட்டுக் கதவையும் தட்டும் சக்தி எந்த அமைப்புக்கும் கிடையாது, அரசுக்குத்தான் உண்டு.

அடுத்த சண்டை வரையறை பற்றியது. யாரை ‘மலம் அள்ளுபவர்’ என்று சொல்வது? பழைய சட்டம் எடுப்புக் கக்கூஸோடு நின்றுவிட்டது. ரயில் தண்டவாளத்தில் அள்ளுபவர் அதில் வரமாட்டார், நான் பார்த்த அந்த அம்மாவும் வரமாட்டார். 2013-இல் வந்த புதிய சட்டம் திறந்த சாக்கடை, குழி, தண்டவாளம் எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்தது. பாதுகாப்பு இல்லாமல் பாதாளச் சாக்கடையிலும் மலக்குழியிலும் ஆளை இறக்குவதும் குற்றம் ஆனது. ஆனால் உரிய கருவியும் பாதுகாப்பு உடையும் கொடுத்துவிட்டால் அவர் மலம் அள்ளுபவர் ஆகமாட்டார் என்று ஒரு விளக்கத்தையும் சேர்த்துவிட்டார்கள். எனக்கு இன்றுவரை மனது ஆறாத வரி அது. உடுப்பு மாட்டிவிட்டால் வேலை மாறிவிடுமா? அந்த வேலைக்கு இறங்குகிறவரின் சாதி மாறிவிடுமா?

வரையறையின் கோளாறு இப்போதும் தொடர்கிறது. மலம் அள்ளும்போது யாரும் சாகவில்லை என்று நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொல்கிறது. மலக்குழிச் சாவுகளை ‘ஆபத்தான சுத்திகரிப்பு’ என்று வேறு தலைப்பில் காட்டுகிறது. 2014 மார்ச் 27 அன்று தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் இறந்தவர் யார் என்று தெரிந்தால்தானே கொடுக்க முடியும்? ஒப்பந்ததாரர் கூட்டிவந்த ஆள், சம்பளப் பதிவேட்டில் பெயர் இருக்காது. அப்புறம் அமைப்புகள்தான் பழைய செய்தித்தாள், முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று என்று அலைந்து பட்டியல் போட வேண்டியிருந்தது.

அதனால் கேள்வி கேட்டவருக்கு நான் சொல்வது: சட்டம் வந்ததும் கலைந்துபோகிற அமைப்பில் சேராதீர்கள். அதற்குப் பிறகுதான் வேலை அதிகம்.

அந்த அம்மா கதையைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. 2013 சட்டத்தில், தானே முன்வந்து ‘நான் இந்த வேலை செய்கிறேன்’ என்று மனு கொடுக்க வழி இருக்கிறது. அடையாளம் காணப்பட்டவருக்கு உடனடி உதவியாக 40,000 ரூபாய். மனுவை எழுதி எடுத்துக்கொண்டு அவரோடு நானும் நகராட்சிக்குப் போனேன். அங்கிருந்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இவங்க தெரு கூட்டுறவங்கன்னு இருக்கே, ஆதாரம் ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். பழைய படத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, வலது கையை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதே காப்பு.